வீதிக்கு விலை கொடுப்பவர் யார்?

வீட்டுப் படலையைத் திறந்து வெளியே கால் வைத்தால் வீதி. அது யாருடையது என்று நாம் கேட்பதில்லை. காற்றைப் போலவும் வெயிலைப் போலவும் அது எல்லார்க்கும் பொதுவானது என்று கொண்டு நடக்கிறோம். ஆயினும் காற்றுக்கும் வீதிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. காற்று தேய்வதில்லை, வீதி தேயும். தாரிட்ட மேற்பரப்பில் முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றும். மாரி மழை அதனூடே இறங்கி அடியிலுள்ள கல்லையும் மண்ணையும் இளகச் செய்யும். மேலே செல்லும் வண்டியின் பாரம் இளகிய இடத்தை அமுக்கும். மறு மாரியில் அங்கே ஒரு குழி இருக்கும். அதற்கடுத்த மாரியில் அது ஒரு குட்டையாகும். வெடிப்பு தோன்றிய காலத்தில் அதனை அடைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. குட்டையான பின்பு வீதியை அடியோடு பெயர்த்து மீண்டும் இடுவதற்கு ஆகும் செலவு அதனிலும் பன்மடங்கு. ஆதலின் வீதியைப் போடுவதற்குப் பணம் தேடுவதோடு ஓர் ஊரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. போட்ட வீதியைப் பேணுவதற்கு ஆண்டுதோறும், தவறாமல், பணம் வேண்டும். அந்தப் பணத்தை யாரிடமிருந்து, எந்த அளவில், எந்த நியாயத்தின்மேற் பெறுவது?

இக்கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆனால் இதனை முன்னிட்டு அரசுகள் அசைந்திருக்கின்றன, மக்கள் கிளர்ந்தெழுந்திருக்கின்றனர், மனிதர் உயிர் துறந்துமிருக்கின்றனர். அதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

1848ஆம் ஆண்டு. இலங்கையில் டொறிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்த காலம். கோப்பி விலை வீழ்ந்து அரசாங்கத்தின் வருவாய் குன்றியிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் வீதிகளோ ஆண்டுதோறும் செப்பம் வேண்டி நின்றன. அரசாங்கம் ஒரு வழி கண்டது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும். அன்றேல் அதற்கு ஈடாக மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்று ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என வேறு பல வரிகளும் அதே காலத்தில் வந்தன.

இந்தச் சட்டம் மக்கள் மனத்தை ஏன் புண்படுத்தியது என்பதை நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகள் கழிந்த பின் அதே கட்டாயம் வேறு வேடத்தில் மீண்டும் வந்துவிட்டதென்று மக்கள் கண்டனர். அதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்குச் சொந்தக்காரனும் மூன்று சிலிங். ஒரு துண்டு வயலை உழுது உண்பவனும் மூன்று சிலிங். தோட்டக்காரனுக்கு அது கைச்செலவு. காசு புழக்கமே அருகியிருந்த கிராமத்தவனுக்கு அது கிடைத்தற்கரிய தொகை. வீதியிலே கோப்பி வண்டி ஓடுகிறது. கிராமத்தவன் வயல் வரம்பில் நடக்கிறான். பயன் ஒருவனுக்கு, பாரம் இன்னொருவனுக்கு என்ற எண்ணம் மலைநாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு யூலை மாத இறுதியில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்து 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரித்தானிய பாராளுமன்றம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. 1850இல் தேசாதிபதி திருப்பி அழைக்கப்பட்டார். ஏனைய வரிகளுட் பல கைவிடப்பட்டன. ஆயின் வீதிச் சட்டம் மாத்திரம் நிலைத்தது. 1861ஆம் ஆண்டின் வீதிகள் கட்டளைச் சட்டம் அதே முறையை ஒழுங்குபடுத்தித் தொடர்ந்தது. வீதியின் பசி அத்தனை விடாப்பிடியானது.

ஆள்வோர் இந்த முறையைத் தாமே புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தம் நாட்டில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக வழங்கிய முறையையே இங்கு கொண்டு வந்தனர். இங்கிலாந்தில் 1555ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஒவ்வொரு கோயிற்பற்றிலும் உள்ள குடிகள் ஆண்டில் நான்கு நாள் தம் எல்லைக்குட்பட்ட வீதிகளைச் செப்பனிட வேண்டும் என்று விதித்தது. சில ஆண்டுகளில் அது ஆறு நாளாயிற்று. வசதியுள்ளவர் வண்டியும் குதிரையும் ஆட்களும் அனுப்ப வேண்டும். இல்லாதவர் தம் உடலுழைப்பைத் தர வேண்டும். 1835இல் அம்முறை இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின் நம் நாட்டில் அது புகுத்தப்பட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நகரத் தெருக்களின் கதை சற்று வேறானது. இலண்டன் மாநகரின் வெஸ்ற்மின்ஸ்ரர் பகுதியில் அவரவர் வீட்டு முன்றிலுக்கு எதிரேயுள்ள தெருவை அவரவரே கல் பதித்துப் பேண வேண்டும் என்பது பழைய வழக்கம். இதன் விளைவை எளிதிற் கற்பனை செய்யலாம். செல்வன் தன் வாசலில் நல்ல கல் பதிப்பான். அயலான் கைக்கெட்டிய கல்லைப் போடுவான். அதற்கடுத்த வீட்டுக்காரன் ஒன்றுமே செய்யான். ஒரே தெருவில் மேடும் பள்ளமும் வாசலுக்கு வாசல் மாறின. 1762ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மாற்றியது. தெருப் பணிக்கென ஆணையாளர் நியமிக்கப்பட்டனர். வீட்டுக்காரர் தம் கையாற் கல் பதிப்பதற்குப் பதிலாக ஒரு வரி செலுத்தினர். ஆணையாளர் தெரு முழுவதையும் ஒரே சீராக அமைத்தனர். தனித்தனியாகச் செய்யும்போது கேடாக முடிந்த காரியம், கூடிச் செய்யும்போது நன்றாக முடிந்தது. வீட்டின் பெறுமதிக்கேற்ப நகரசபை அறவிடும் வரியில் தெருச் செலவும் அடங்கும் என்ற கொள்கை இவ்வாறு வேர்கொண்டது. நம் நாட்டில் 1865ஆம் ஆண்டின் மாநகரசபைச் சட்டத்தோடு இக்கொள்கை நம்மிடமும் வந்தது. நம்மவர் சோலைவரி என்று பேச்சில் வழங்குவதும் இந்த வரியையே.

நகரங்களுக்கு வெளியே இங்கிலாந்து வேறொரு வழியை நாடிற்று. வீதியில் ஒரு படலையை நாட்டி, கடந்து போகிறவரிடம் ஆயம் வாங்குவது. 1663இல் வடக்கே செல்லும் பெருவீதியில் இதற்கான முதற் சட்டம் இயற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இவ்வாறு ஆயம் வாங்கும் சபைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. பயன்படுத்துபவனே பணம் கொடுக்க வேண்டும் என்பது இதன் நியாயம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆயின் வேல்ஸ் நாட்டின் தென்மேற்குப் பகுதியிலே சிறு உழவர், வயலுக்குச் சுண்ணாம்பு கொண்டு வருவதற்கே படலைக்குப் படலை காசு கொடுக்க வேண்டியிருந்தது. 1839 முதல் 1843 வரை அவர்கள் இரவிலே பெண் வேடம் பூண்டு, ரெபெக்காவின் மக்கள் என்று தம்மை அழைத்துக்கொண்டு, ஆயப் படலைகளை வெட்டி வீழ்த்தினர். பகைவரின் வாயில்களை வசப்படுத்துமாறு ரெபெக்காளுக்கு ஆசி கூறும் விவிலிய வாக்கு அப்பெயருக்கு அடியாயிற்று. 1895இல் கடைசி ஆயச் சபையும் மறைந்தது.

ஆகவே மூன்று வழிகள் நம் முன் நிற்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று எல்லாரிடமும் ஒரே அளவாக வாங்குவது ஒன்று. சொத்தின் பெறுமதிக்கேற்ப வாங்குவது இன்னொன்று. பயன்படுத்துபவனிடம் பயன்படுத்தும் இடத்திலே வாங்குவது மூன்றாவது. பின் வந்த முறைகள் யாவும் இம்மூன்றின் கலப்பே.

இனி, அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் செல்வோம். மோட்டார் வாகனம் பெருகிய அந்நாட்டிலே இக்கேள்வி புதிய உருவம் எடுத்தது.

ஆங்கு நகரத் தெருக்களுக்குத் தொடக்கத்தில் தெருவோர நிலக்காரரே பணம் கொடுத்தனர். நிலத்தின் முகப்பு தெருவிலே எத்தனை அடி நீளமோ, அதற்கேற்பப் பங்கு பிரிக்கப்பட்டது. தெரு வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஆதலின் விலையேற்றத்தைப் பெறுபவன் செலவையும் ஏற்கட்டும் என்பது அதன் நியாயம். மோட்டார் வண்டி வந்ததும் அந்நியாயம் தளர்ந்தது. தெருவைத் தேய்ப்பவர் தெருவோரத்தில் வாழ்பவராக மாத்திரம் இருக்கவில்லை. எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறவராயும் இருந்தனர். 1919ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரேகன் மாநிலம் ஒரு புதுமை செய்தது. பெற்றோல் கலன் ஒன்றுக்கு ஒரு சதம் வரி விதித்து, அப்பணத்தை வீதிகளுக்கென ஒதுக்கியது. அதுவே அந்நாட்டின் முதலாவது பெற்றோல் வரி. பத்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. 1932இல் மத்திய அரசும் தன் பங்குக்கு ஒரு சதம் விதித்தது.

அவ்வரியின் அழகு யாது? அதற்குப் படலை வேண்டியதில்லை. காவற்காரன் வேண்டியதில்லை. அதிகம் ஓடுபவன் அதிகம் எரிக்கிறான். அதிகம் எரிப்பவன் அதிகம் கொடுக்கிறான். பாரமான வண்டி மேலும் கூடுதலாக எரிக்கும். பழைய ஆயத்தின் நியாயம் முழுவதும் அதில் உண்டு; ஆயத்தின் தொல்லை இல்லை. அரை நூற்றாண்டு காலம் அமெரிக்க வீதிகள் பெரிதும் இதனால் வளர்ந்தன.

ஆயின் அதில் இரு பழுதுகள் மறைந்திருந்தன. முதலாவது, அது விலையின்மேல் நூற்றுவீதமாக விதிக்கப்படாமல், கலனுக்கு இத்தனை சதம் என்று விதிக்கப்பட்டது. தாரின் விலை ஏறும், கல்லின் விலை ஏறும், கூலி ஏறும். சதம் மாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். சட்டசபை கூடி உயர்த்தினாலன்றி அது உயராது. வரியை உயர்த்த விரும்பும் சட்டசபை அரிது. மத்திய அரசின் பெற்றோல் வரி 1993இல் கலனுக்கு 18.4 சதமாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது உயர்த்தப்படவில்லை. இரண்டாவது, அப்பணத்தின் பெரும்பங்கு நெடுஞ்சாலைகளுக்கே போயிற்று. வீட்டு வாசலிலுள்ள தெருவைப் பேணும் நகரசபைக்கு எஞ்சியது சிறு பங்கே.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மக்கள் சிக்கனமான சிறு வண்டிகளை வாங்கினர்; ஓட்டம் குறையாமலே எரிபொருட் செலவு குறைந்தது; எனவே வரியும் குறைந்தது. பண வீக்கமோ கட்டுமானச் செலவை மேலே தள்ளிற்று. நகரசபை தன் பழைய துணையான சொத்து வரியை உயர்த்தலாமா என்றால், அங்கும் கதவு அடைபட்டது. 1978இல் கலிபோர்னியா மாநில வாக்காளர், சொத்து வரி சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒரு வீதத்தை மிஞ்சலாகாது என்று வாக்களித்துச் சட்டமாக்கினர். அந்தக் காற்று வேறு மாநிலங்களுக்கும் வீசிற்று. தெருக்களில் குழிகள் பெருகின. கருவூலத்தில் காசு இல்லை. வரியை உயர்த்த வழியும் இல்லை. இந்த முட்டுச் சந்திலேதான் ஒரு புதிய எண்ணம் பிறந்தது.

அவ்வெண்ணத்தின் வித்து வீதியிலே தோன்றவில்லை; வடிகாலிலே தோன்றிற்று. வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெல்வியூ என்னும் நகரம் 1974இல், மழைநீர் வடிகால் அமைப்பை நீர் விநியோகம் போலவும் மின்சார விநியோகம் போலவும் ஒரு பொதுச் சேவையாக வகுத்து, அதற்கெனத் தனிக் கட்டணம் அறவிடத் தொடங்கியது. குழாய்நீருக்குப் பட்டியல் அனுப்புகிறோம், கழிவுநீருக்கு அனுப்புகிறோம். மழைநீரைக் கொண்டுபோவதற்கு ஏன் அனுப்பலாகாது என்பது கேள்வி. அக்கேள்வியைத் தொடர்ந்து இன்னொன்று எழுந்தது: அவ்வாறாயின் தெருவுக்கு ஏன் அனுப்பலாகாது?

கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபோர்ட் கொலின்ஸ் நகரம் 1984இல் அதனைச் செய்து காட்டியது. நகரத் தெருக்களைப் போக்குவரத்துச் சேவை என வகுத்து, கட்டடம் எழுந்த ஒவ்வொரு காணியின் உரிமையாளரிடமோ குடியிருப்பவரிடமோ ஒரு கட்டணம் வாங்கியது. வெறுங் காணிக்குக் கட்டணம் இல்லை. காணியின் முகப்பு தெருவிலே எத்தனை அடி என்பதையும், அங்கு நடைபெறும் தொழில் எத்துணைப் போக்குவரத்தை உண்டாக்கும் என்பதையும் கொண்டு தொகை கணக்கிடப்பட்டது. அப்பணம் தெருப் பராமரிப்புக்கே உரியது.

ஒரு வீடு எத்துணைப் போக்குவரத்தை உண்டாக்கும் என்பதை எப்படி அறிவது? அந்நாட்டுப் போக்குவரத்துப் பொறியியலாளர் பல்லாண்டுகளாக வீட்டு வாயில்களிலும் கடை வாயில்களிலும் நின்று வண்டிகளை எண்ணி அட்டவணைகள் தயாரித்து வைத்திருக்கின்றனர். தனி வீடு ஒன்றுக்கு நாளொன்றில் வருவதும் போவதுமாக ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து ஓட்டங்கள் என்பது அவர்களது சராசரி. தொடர்மாடி வீட்டுக்கு அதனிற் குறைவு. வண்டியில் இருந்தபடியே உணவு வாங்கிச் செல்லும் சாலைக்கு, ஆயிரம் சதுர அடிக்கு நூற்றுக்கணக்கான ஓட்டங்கள். இந்த அட்டவணையைக் கொண்டு வீட்டுக்கு இவ்வளவு, அலுவலகத்துக்கு இவ்வளவு, அங்காடிக்கு இவ்வளவு என்று பிரித்தல் கூடும். நீர்ப் பட்டியலின் அடியிலே இன்னொரு வரி சேரும். மாதம் சில டொலர். அவ்வளவே.

ஆனால் அந்த ஒரு வரியை நோக்கி நகரவாசிகள் ஒரு கேள்வி எழுப்பினர். இது கட்டணமா, வரியா? சொல்லிலே என்ன இருக்கிறது என்று நாம் எண்ணலாம். அந்நாட்டுச் சட்டத்திலே அச்சொல்லில்தான் எல்லாம் இருந்தது. வரியாயின் அரசியல் யாப்பின் வரம்புக்கு உட்பட வேண்டும். பல இடங்களில் மாநிலத்தின் அனுமதியோ வாக்காளரின் ஒப்புதலோ வேண்டும். கட்டணமாயின் நகரசபையே தீர்மானிக்கலாம். வரம்பிட்டு அடைத்த கதவை விட்டு, யன்னல் வழியாக நகரசபை உள்ளே நுழைகிறதா என்பதே வழக்கின் உள்ளுறை.

கொலராடோ உயர் நீதிமன்றம் 1989இல் ஃபோர்ட் கொலின்ஸ் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இது ஒரு குறித்த சேவையின் செலவை ஈடுசெய்ய விதித்த விசேட கட்டணம். தொகைக்கும் சேவைச் செலவுக்கும் நியாயமான பொருத்தம் உண்டு. ஆகவே இது சொத்து வரியன்று என்பது முடிவு. ஆயின் நீதிமன்றம் ஒரு திருத்தம் செய்தது. மிஞ்சும் பணத்தை நகரத்தின் வேறு நிதிகளுக்கு மாற்றலாம் என்று நகரச் சட்டத்தில் ஓரிடம் இருந்தது. அதனை நீதிமன்றம் வெட்டிவிட்டது. தெருவுக்கென்று வாங்கிய பணம் வேறு செலவுக்குப் போகுமாயின், அது கட்டணம் என்ற பெயரை இழந்து வரியாகிவிடும் என்பது கருத்து. பணத்துக்குப் பூட்டு இருக்கும்வரையில்தான் அது கட்டணம்.

ஏனைய மாநிலங்களின் நீதிமன்றங்கள் இக்கண் கொண்டு நோக்கவில்லை. ஐடகோ மாநிலத்திலே பொக்கற்றெலோ என்னும் நகரம், போக்குவரத்துக் கணக்கின்படி இதேபோன்ற தெருப் பராமரிப்புக் கட்டணம் விதித்திருந்தது. அம்மாநில உயர் நீதிமன்றம் 1988இல் அதனைத் தள்ளியது. குழாய்நீரை ஒருவன் தன் வீட்டுக்கென்று பெறுகிறான்; அடைத்தால் நிற்கும், திறந்தால் வரும். தெருவிலோ யாரும் நடக்கலாம். எல்லார்க்கும் பொதுவான நன்மைக்காக வாங்கும் பணம் வரியே. கட்டணம் என்பது அதன் மாறுவேடம் என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து. 1994இல் புளோரிடா மாநில உயர் நீதிமன்றமும் போர்ட் ஓரேஞ்ச் நகரத்தின் கட்டணத்தை அவ்வாறே தள்ளியது. கட்டணம் என்றால், கொடுப்பவன் பிறர் பெறாத ஒரு நன்மையைப் பெற வேண்டும். வேண்டாமென்றால் அச்சேவையை விட்டு விலகவும் அவனால் முடிய வேண்டும். வீட்டில் வாழும் ஒருவன் வீதியை வேண்டாமென்று எப்படி விலகுவான்?

இரு சாராரிடமும் நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரு, நீரைப் போன்றதா, காற்றைப் போன்றதா என்பதே வழக்கு. தேய்வதைப் பார்த்தால் அது நீரைப் போன்றது. யாரையும் தடுக்காமையைப் பார்த்தால் அது காற்றைப் போன்றது.

பெற்றோல் வரியைப் பெற்றெடுத்த ஒரேகன் மாநிலமே இக்கட்டண முறைக்கும் வளமான விளைநிலமாயிற்று. 1985இல் லா கிராண்ட் என்னும் சிறு நகரம் அதனைத் தொடங்கியது. 1990இலும் 1997இலும் அம்மாநில வாக்காளர் சொத்து வரிக்கு அடுத்தடுத்து வரம்பிட்டனர். அதனால் மேலும் பல நகரங்கள் இவ்வழிக்கு வந்தன. ஆஷ்லண்ட், மெட்ஃபோர்ட், டிகார்ட் முதலியன இம்முறையை ஏற்ற நகரங்களுட் சில.

ஆயின் மாநிலத்தின் மிகப் பெரிய நகரமாகிய போர்ட்லண்டில் அது கரையேறவில்லை. அக்கதை அறியத்தக்கது. 2014இல் அந்நகரத்தார் வீடொன்றுக்கு மாதம் ஏறத்தாழ 12 டொலர் அறவிடும் திட்டமொன்றை முன்வைத்தனர். மாளிகைக்கும் அதே தொகை, சிறு வீட்டுக்கும் அதே தொகை என்ற குறை எழுந்தது. சிறு வணிகரும் எதிர்த்தனர். வருமானத்துக்கேற்ப ஏற்றியும் இறக்கியும் அறவிடும் மாற்றுத் திட்டம் வரையப்பட்டது. அப்பொழுது வருமானம் மிக்கோர் எதிர்த்தனர். 2015இன் தொடக்கத்தில் திட்டமே கைவிடப்பட்டது. 2016 மே மாதம் நகரத்தார் வேறொரு வழியை வாக்காளர் முன் வைத்தனர்: நகரத்துக்கென்று பெற்றோல் கலன் ஒன்றுக்கு பத்துச் சதம், நான்கு ஆண்டுகளுக்கு மாத்திரம், எத்தெருக்களுக்கு என்ற விவரத்தோடு. வாக்காளர் சிறு பெரும்பான்மையால் ஒப்பினர். 2020இலும் 2024இலும் அவர்களே அதனை நீடித்தனர். கேளாமல் வாங்க முயன்றபோது மறுத்த மக்கள், கேட்டு, கணக்குக் காட்டி, காலவரை சொல்லி வாங்கியபோது கொடுத்தனர்.

கட்டண முறையின் நியாயத்தைக் கூர்ந்து நோக்குவோருக்கு இன்னும் இரு ஐயங்கள் எழும். ஒன்று, வண்டியே இல்லாதவன் நிலை. கணவனை இழந்த முதியவள் ஒருத்தி தனி வீட்டில் வாழ்கிறாள்; அவளிடம் வண்டி இல்லை. அட்டவணைப்படி அவள் வீட்டுக்கும் நாளொன்றுக்கு ஒன்பது ஓட்டங்களே கணக்கு. டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரம் இதற்கு ஒரு பரிகாரம் கண்டது. அங்கு நீர், மின்சாரப் பட்டியலோடு தெருக் கட்டணமும் வரும். ஆயின் 65 வயது நிரம்பியவரும், சொந்த வண்டி வைத்திராதவரும் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம்.

மற்றது, எண்ணிக்கைக்கும் பாரத்துக்கும் உள்ள வேற்றுமை. 1958 முதல் 1960 வரை இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே, பரிசோதனைக்கென்றே வீதிகள் அமைத்து, இராணுவச் சாரதிகளைக் கொண்டு பாரவண்டிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தனர். ஓர் அச்சின்மேல் ஏறும் பாரம் இருமடங்கானால் வீதிக்கு நேரும் தேய்வு இருமடங்காவதில்லை. ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. அப்படியாயின் பாரவண்டி ஒன்றின் ஓட்டத்தையும் சிறு மோட்டார் வண்டியின் ஓட்டத்தையும் ஒன்றென எண்ணும் அட்டவணை, உண்மையில் தெருவைத் தேய்ப்பவனுக்கு நன்மை செய்து, தேய்க்காதவனுக்குப் பாரம் ஏற்றுகிறது. 1848இல் கோப்பி வண்டியைப் பார்த்துக் கிராமத்தவன் கேட்ட கேள்வி இதுவேயன்றோ?

வழக்குகளும் ஓயவில்லை. விஸ்கொன்சின் மாநிலத்திலே புக்கானன் என்னும் ஊர் 2019இல் தெருச் சேவைக் கட்டணமொன்றை ஏற்படுத்தியது. 2023 யூன் மாதம் அம்மாநில உயர் நீதிமன்றம், அது பெயரளவில் கட்டணம், பொருளளவில் சொத்து வரி என்று கூறி, சொத்து வரிக்குரிய வரம்புக்கு அது கட்டுப்பட வேண்டும் எனத் தீர்த்தது. அதே வேளையில் வேறு மாநிலங்களில் இலட்சக்கணக்கான வாசல்களுக்கு மாதந்தோறும் அப்பட்டியல் போய்க்கொண்டேயிருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வண்டி பெருகுந்தோறும் பெற்றோல் வரி மேலும் சுருங்கும். அப்பொழுது ஓடிய மைல்களைக் கணக்கிட்டு வாங்கலாமா என்ற ஆராய்ச்சியையும் தொடங்கியது ஒரேகன் மாநிலமே. 2015 முதல் விரும்பிச் சேர்வோரிடம் அவ்வாறு வாங்கியும் வருகிறது. கலனுக்கு ஒரு சதம் என்று தொடங்கிய மாநிலம், நூறு ஆண்டு நடந்து, மைலுக்கு இவ்வளவு என்ற இடத்துக்கு வந்திருக்கிறது. படலை இல்லாத ஆயம் என்றே அதனைச் சொல்லலாம்.

நேயர்களே, இந்நெடுங்கதையிலிருந்து நாம் பெறத்தக்கது யாது? ஆறு நாள் ஊழியம், மூன்று சிலிங், ஆயப் படலை, முகப்படி, பெற்றோல் சதம், நீர்ப் பட்டியலின் அடியிலே ஒரு வரி என்று கருவிகள் மாறி வந்திருக்கின்றன. குறையற்ற கருவி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நிலைத்த முறைக்கும் வீழ்ந்த முறைக்கும் இடையே ஒரு வேற்றுமை தெரிகிறது. எங்கே பாரமும் பயனும் ஓரளவேனும் பொருந்தினவோ, எங்கே வாங்கிய பணம் வாங்கிய காரியத்துக்கே போயிற்றோ, எங்கே கொடுப்பவனின் சம்மதம் கேட்கப்பட்டதோ, அங்கே மக்கள் முணுமுணுத்தேனும் கொடுத்தனர். இம்மூன்றும் இல்லாதவிடத்து மூன்று சிலிங்கும் தாங்கொணாச் சுமையாயிற்று.

நாளைக் காலையில் படலையைத் திறந்து வீதியில் இறங்கும்போது, தாரிலே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பைக் காண நேர்ந்தால், அதனை அடைப்பதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கொடுப்பவர் நாமே. எப்படிக் கொடுக்கிறோம், அது எங்கே போகிறது என்று கேட்பதும் நம்முடைய கடமையே.